மூணரை கிலோ

இடுப்பில் ஒரு குண்டுமணி ஈயம்கூட இல்லை. அப்படியும் அவள் மூழ்கினாள்.

ஏரித் தண்ணீரை ஊருக்கு அனுப்பும் நீரேற்று நிலையத்துக்குள், தண்ணீரைத் தெளிய வைக்கும் நீளமான கான்கிரீட் தொட்டியில்தான் புதுச் சாமான்களைப் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல். உயரத்திலிருந்த கண்ணாடி ஜன்னல்கள் வழியாக வெயில் சாய்வாக இறங்கி, தண்ணீரின் அடிவரை போய்த் தரையில் நெளிந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் பாசிப்பச்சைப் பெயிண்ட், மூக்கில் ஏறும் குளோரின் நெடி, சுவருக்கு அந்தப் பக்கம் ஓயாமல் உறுமும் மோட்டார்கள். பத்து வருஷமாக அவளும் அவள் புருஷனும் பிழைப்பு நடத்தும் இடம். ஏரிக்கு நடுவே நிற்கும் கோபுரத்தின் அடியில், தண்ணீரை உறிஞ்சும் வாய்களில் இரும்புச் சல்லடைகள் இருக்கின்றன. அவற்றில் சேறும் சிப்பியும் அடைத்துக்கொள்ளும். முதுகில் காற்று டேங்க்கைக் கட்டிக்கொண்டு கீழே போய் அதைச் சுரண்டி எடுப்பது இவர்கள் வேலை. எங்கேயாவது யாராவது தண்ணீரோடு போய்விட்டால் தேடி எடுத்துக் கொடுக்கக் கூப்பிடுவதும் இவர்களைத்தான்.

பழைய டேங்க் அலுமினியம். புதியது ஸ்டீல், கனம் ஜாஸ்தி. அதனால் பெல்ட்டில் கோத்துக்கொள்ளும் ஈயக்கட்டியை ஆறு கிலோவிலிருந்து மூன்றாகக் குறைத்தால் போதும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்தால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். சட்டை தைக்க அளவெடுப்பது மாதிரிதான், ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை.

மூன்று கிலோவோடு இறங்கினாள். கல்லைப் போட்டது மாதிரி அடிக்குப் போனாள். ஒன்றைக் கழற்றினாள். போனாள். இன்னொன்று. அப்புறம் பெல்ட்டையே அவிழ்த்துக் கரையில் போட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கை காலை அசைக்காமல் நின்றாள். தண்ணீர் மோவாயைத் தொட்டது. உதட்டைத் தொட்டது. கண்ணைத் தாண்டியது. தலைக்கு மேல் மூடிக்கொண்டது.

மேலே வந்தபோது புருஷன் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னடி, கீழ ஏதாச்சும் விருந்து வெச்சிருக்காங்களா? இந்த ஓட்டம் ஓடுற?"

"ஈயமே இல்லைங்க. ஈயம் இல்லாம எப்படி மூழ்கும்?"

"நீ ரெண்டு சுத்து பெருத்துட்ட. அதான்."

"கொழுப்பு மிதக்கும். இது கூடத் தெரியாதா உங்களுக்கு?"

மிதக்கக் காற்றடைத்துக்கொள்ளும் அதே கம்பெனி ஜாக்கெட், அதே அளவு டேங்க்கை மாட்டிக்கொண்டு அவனும் இறங்கிப் பார்த்தான். நான்கு கிலோ ஈயத்தோடு தக்கை மாதிரி கண் மட்டத்தில் நின்றான். இருவரும் டேங்க்கை மாற்றிக்கொண்டார்கள். ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டார்கள். எதை மாற்றினாலும் அவன் நின்றான், அவள் போனாள்.

சாமான் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கணக்குப் போட்டுச் சொன்னார். "மேடம், நீங்க சொல்றதைப் பார்த்தா மூணரை கிலோ எங்கேயோ கூடுதலா வருது. டேங்க்ல இல்ல, ஜாக்கெட்ல இல்ல. பாக்கெட்ல சுத்தி கித்தி மறந்து வெச்சிருக்கீங்களா பாருங்க."

பாக்கெட்டைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் குளியலறை எடை மெஷினை எடுத்து வைத்து, எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஏறி நின்றாள். கடைக்காரர் கொடுத்த சீட்டில் இருந்த எடையும் அவள் எடையும் கிராம் பிசகாமல் சேர்ந்து வந்தன. தரையில் ஒரு குறையும் இல்லை. தண்ணீருக்குள் மட்டும்தான் அந்த மூணரை.

பழைய சாமான்களை அவன் தூக்கிப் போட்டு ஆறு மாசம் ஆகிறது. நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனால் குட்டி போனதிலிருந்து அவனுக்கு அதையெல்லாம் பார்க்கப் பிடிக்கவில்லை. குட்டி அவனுடைய தங்கை. அம்மா அப்பா இல்லாமல் இவன் கையில் வளர்ந்தவள். இருபத்து மூன்று வயதில் இவர்களோடு சேர்ந்து தண்ணீரில் இறங்க ஆரம்பித்து, இருபத்து ஆறில் அந்தச் சல்லடை ஒன்றின் அடியிலேயே முடிந்துபோனாள். அன்றைக்குக் கூட இறங்கியிருந்தது அண்ணிதான். 'நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள அவளைக் காணோம்' என்று அண்ணி சொன்னாள். விசாரித்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். அண்ணன்காரன் தானே இறங்கித் தங்கையை எடுத்து வந்தான்.

அந்த ராத்திரி அவன் அழவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "எடையே இல்லடி அவ," என்றான். "எத்தனை பேரைத் தூக்கியிருக்கேன். தண்ணிக்குள்ள செத்தவங்க எல்லாரும் அப்படித்தான், மூணு மூணரை கிலோ இருப்பாங்க. ஒத்தக் கையில கொண்டாந்தேன். படகுல ஏத்துறப்பதான் தூக்கவே முடியல."

எடை மெஷின் மேல் நின்றபடியே அந்தப் பேச்சு அவளுக்கு ஞாபகம் வந்தது. உடனே கீழே இறங்கி, மெஷினைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

கொல்லைக் குழாயில் சாமான்களை அலசும்போது இன்னொன்றைப் பார்த்தாள். டேங்க்கிலிருந்து மூச்சு விட இரண்டு குழாய்கள் வரும். ஒன்றின் நுனியில் கறுப்பு ரப்பர், அது போட்டிருப்பவர் வாயில் கவ்வ. இன்னொன்றின் நுனியில் மஞ்சள் ரப்பர், கூட வருகிறவருக்குக் காற்று தீர்ந்துபோனால் கொடுக்க. ஸ்பேர். வாங்கி நான்கு நாள்தான் ஆகிறது, அந்த மஞ்சளை இதுவரை யாரும் வாயில் வைத்ததில்லை.

அதில் பல் பதிந்திருந்தது. சின்னச் சின்னப் பற்கள். இடது பக்கம் மட்டும் ரப்பர் பாதி அறுந்து தொங்கியது.

இடது கடைவாயால் ரப்பரைக் கடித்துக் கடித்து வருஷத்துக்கு மூன்று மாற்றுவாள் குட்டி. 'எலி' என்று அண்ணன் கூப்பிடுவான். அவள் பல்லைக் காட்டி எலி மாதிரியே கிறீச்சிடுவாள்.

கத்தரிக்கோலை எடுத்து அந்த ரப்பரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய ரப்பர் மாட்டினாள். மூன்று தடவை வழுக்கியது.

இறங்கமாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். அந்த ஏனுக்கு அவளிடம் பதில் இருந்தது. இருந்ததுதான் பயம். மழைக்கு முன் பன்னிரண்டு சல்லடைகளையும் முடித்துத் தர வேண்டும். மூணரை கிலோ என்ன பெரிய எடை? ஜாக்கெட்டில் இரண்டு அழுத்து காற்றை அடைத்தால் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவனிடமும் அதையே சொன்னாள்.

சரியாகவும் ஆயிற்று, முதல் இரண்டு நாள்.

ஏரியில் கையை நீட்டினால் விரல் தெரியாது. டார்ச் வெளிச்சம் ஒரு முழம் போய்க் கலங்கலில் கரைந்துவிடும். கோபுரத்தின் அடியில் குளிர்ந்த சேற்று வாடை ரப்பரையும் தாண்டி நாக்கில் ஏறும். சல்லடைக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஏதோ பெரிய பிராணி தூக்கத்தில் மூச்சு விடுவது போல, குழாய்க்குள் தண்ணீர் போகும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் தன் மூச்சு, இழுக்கும்போது ஒரு சீறல், விடும்போது காதோரம் குமிழிகள் கலகலவென்று ஏறும் சத்தம். பத்து வருஷமாகக் கேட்ட சத்தங்கள். வீட்டுக் கடிகாரம் மாதிரி, இருப்பதே தெரியாது.

மூன்றாம் நாள் தெரிந்தது. அவள் மூச்சை இழுத்தாள், சீறியது. விட்டாள், குமிழி போனது. அடுத்த மூச்சுக்கு முன் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில், அவள் இழுக்காமலே, முதுகுப் பக்கம் ஒரு சீறல். அப்புறம் வலது காதுக்குப் பின்னால் குமிழிகள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

சீறல். குமிழி. சீறல். குமிழி.

டேங்க்கில் எத்தனை பார் அழுத்தம் மிச்சம் என்று காட்டும் கேஜைப் பார்த்தாள். நாற்பது நிமிஷம் வர வேண்டிய காற்று இருபதாவது நிமிஷத்தில் தீரப் பார்த்தது.

மேலே படகில் கயிறு பிடிப்பவர் ஐம்பது வயது ஆள். வாய் ஓயாது என்பதால் எல்லோருக்கும் அவர் 'ரேடியோ'. அவள் படகின் விளிம்பைப் பிடித்ததும் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, கணக்கு உதைக்குதே. ரெண்டு பேரு எறங்கினீங்க. தலைவரு குமிழி அதோ அங்க வருது. உன்னோடது இங்க. உனக்குப் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இன்னொண்ணு வருதும்மா. நீ விட்டதும் அது விடுது. பாட்டுக்குப் பின்பாட்டு மாதிரி. புது டேங்க்கு ஒழுகுதா?"

"ஆமா அண்ணே. ஒழுகுது."

"ஒழுகுனா சும்மா வரும்ல? இது நிதானமா, விட்டு விட்டு..." அவர் நிறுத்திவிட்டார். அவள் இடுப்போரம் தொங்கிய மஞ்சள் ரப்பரைப் பார்த்தார். அதன் வாயிலிருந்து எச்சில் நூலாக நீண்டு, அறுந்து, படகின் பலகையில் விழுந்தது. அன்று முழுக்க ரேடியோ பாடவில்லை.

அன்றைக்கு வீட்டில், அவள் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். ஆறு மாசமாகக் கதவைச் சாத்தி வைத்திருந்தது எல்லாம் வரிசையாக வந்தது.

கலங்கலுக்குள்ளிருந்து குட்டி வந்தாள். கையால் கழுத்தை அறுப்பது மாதிரி காட்டினாள். காற்று இல்லை என்று அர்த்தம். அவள் ஸ்பேரைத் தேடிக் கையை நீட்டுவதற்குள் குட்டி முந்திக்கொண்டாள். பதறிப்போன பிள்ளை, கண்ணில் பட்ட முதல் ரப்பரை, அண்ணி வாயிலிருந்ததையே பிடுங்கினாள். ஒரு வாய் சேற்றுத் தண்ணீர் அண்ணியின் தொண்டைக்குள் போனது. அவ்வளவுதான். அப்புறம் அண்ணியும் இல்லை, நாத்தனாரும் இல்லை. இரண்டு காலையும் சேர்த்துக் குட்டியின் நெஞ்சில் ஓங்கி உதைத்தாள். ரப்பரைப் பிடுங்கிக் கவ்வினாள். மேலே பார்த்துப் போனாள்.

அதைக்கூட யாராவது மன்னிக்கலாம். தண்ணீருக்குள் பயம் வந்தால் யாரும் அப்படித்தான்.

படகுக்கு வந்ததும் அவன் கேட்டான், "குட்டி எங்க?"

"பின்னாடி வர்றா," என்றாள்.

ஏன் சொன்னாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. உதைத்த காலின் உதறல் அடங்கவில்லை, முகத்தைத் துடைத்துக்கொள்ள ஒரு நிமிஷம் வேண்டியிருந்தது, வாய் சொல்லிவிட்டது. அவன் நம்பினான். சிரித்துக்கொண்டே டீயை ஊற்றினான். தங்கைக்கும் ஒரு தம்ளர் ஊற்றி மூடி வைத்தான். ஐந்து நிமிஷம். குமிழி வரவில்லை என்று அவனே பார்த்து எழுந்தபோது ஐந்து நிமிஷம் போயிருந்தது.

நான்காம் நாள் ஒன்பதாவது சல்லடை. அது குட்டி கிடந்த சல்லடை.

அடிக்குப் போனதும் அவள் முழங்கால்வரை சேற்றில் புதைந்தாள். ஜாக்கெட்டில் காற்றை அடைத்தாள். இன்னும் அடைத்தாள். விலா எலும்பு நெரியும் அளவுக்கு ஜாக்கெட் உப்பியது, மேலே அனுப்ப வேண்டிய காற்று, ஒரு பன்றியைக்கூடத் தூக்கிவிடும் காற்று. அவள் அசையவில்லை. மூணரையெல்லாம் எப்போதோ தாண்டியாகிவிட்டது. தோளில் இரண்டு பக்கமும் பாரம் விழுந்திருந்தது, திருவிழாக் கூட்டத்தில் தோள்மேல் ஏற்றிக்கொண்ட பிள்ளை தூங்கிப்போனால் கனக்குமே, அப்படி.

கயிற்றை நான்கு தரம் இழுத்தாள். நான்கு இழுத்தால் தூக்கு என்று அர்த்தம். ரேடியோ மேலிருந்து இழுத்தார். கயிறு விறைத்து முறுகியது. தூக்க முடியவில்லை.

சீறல். குமிழி. சீறல். குமிழி.

திரும்பக் கூடாது. திரும்பினால் பார்க்க வேண்டிவரும்.

பக்கத்துச் சல்லடையிலிருந்து அவன் வந்தான். அவன் டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில் பட்டது. 'என்ன' என்று கையாட்டினான். அவள் முதுகைக் காட்டினாள். டேங்க் எதிலாவது மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து அவன் அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான். வெளிச்சமும் அவனோடு போனது. இப்போது அது அவளுக்குப் பின்னாலிருந்து அடித்தது. எதிரே கோபுரத்தின் கான்கிரீட் சுவரில் அவள் நிழல் எழுந்தது.

நிழலுக்கு இரண்டு தலை இருந்தது.

ஒன்று நடுவில். மற்றது வலது தோளுக்கு மேல், கொஞ்சம் சாய்ந்து. அதன் வாயிலிருந்து ஒரு குழாய் வளைந்து இறங்கியது.

வெளிச்சம் ஆடவில்லை. அவன் எதையும் கழற்றவில்லை, எதையும் இழுக்கவில்லை. அவன் குமிழிகள்கூடக் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு சுவரில் அவன் கையின் நிழல் வந்தது. மெல்ல வந்தது. அவளைத் தொடவில்லை. அந்த இரண்டாவது தலையை, உச்சியிலிருந்து பிடரிவரை, தடவிக் கொடுத்தது.

உடனே பாரம் விட்டது. சேறு அவளைத் துப்பியது.

அவன் வீட்டுக்கு வந்து, குளித்து, தலை துவட்டி, அவள் போட்டுக் கொடுத்த டீயை முழுசாகக் குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். அப்புறம் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அன்னைக்கு உன் கேஜ்ல எவ்வளவு இருந்துச்சு?"

"எ... என்னைக்கு?"

அவன் காத்திருந்தான்.

"அறுபது," என்றாள்.

"அறுபது பார்." அவன் உதடு அசைந்தது. ஆழம், டேங்க்கின் கொள்ளளவு, இரண்டு பேர், பதற்றம், எல்லாவற்றையும் பெருக்கி வகுத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அந்தக் கணக்கு முடிவதை அவள் பார்த்தாள். "அறுபது பாரை வெச்சிக்கிட்டு ரெண்டு பேரு மூணு தடவை மேல வந்துருக்கலாம்டி."

"நான் வேணும்னு பண்ணலைங்க. அவதான் என் வாயில இருந்ததைப் பிடுங்கி... நான் பயந்து..."

"எதுக்கு அழற? நான் ஏதாச்சும் கேட்டேனா?" குரலில் கோபம் இல்லை. "அவளும் ஒண்ணும் சொல்லல. எப்படிச் சொல்லுவா, வாயில அது இருக்கே. எடுத்தா மூச்சு போயிரும்ல?" சிரித்தான். ஆறு மாசத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான். "இளைச்சிட்டாடி. ஆனா நல்லாத்தான் இருக்கா. மூச்சு விட்டுக்கிட்டு இருக்கா, பாத்தேன்ல. என்னைத் தெரிஞ்சிக்கிட்டா."

"ஏங்க, அது குட்டி இல்லீங்க. நீங்களே எடுத்துட்டு வந்தீங்களே... நம்ம கையாலதான..."

"நீ இருக்கிற வரைக்கும்தான் அவளுக்குக் காத்து," என்றான். அவள் தலையில் கையை வைத்துத் தடவினான், உச்சியிலிருந்து பிடரிவரை. "போய்த் தூங்கு. காலையில எறங்கணும்."

அவள் தூங்கவில்லை. அவன் குறட்டை விட்டுத் தூங்கினான். விடிவதற்கு முன் மெல்ல எழுந்து வாசல் கதவுக்குப் போனாள். பூட்டியிருந்தது. சாவி மாட்டுகிற ஆணியில் சாவி இல்லை.

"அதுக்குள்ள எழுந்துட்டியா?" இருட்டிலிருந்து அவன் குரல். "நல்லதாப் போச்சு. டீ போடு, கெளம்பலாம்."

படகில் ரேடியோ இல்லை. "லீவு குடுத்துட்டேன்," என்றான். "பாவம், ரெண்டு நாளா முகமே சரியில்ல அவருக்கு." காலை வெயில் ஏரி முழுக்கப் பளபளத்தது. தூரத்துச் சாலையில் பஸ்கள் போவது தெரிந்தது. கத்தினால் கேட்காத தூரம். ஒரு தடவை கத்தினாள். கத்தி முடிக்கும்வரை அவன் கையில் டேங்க்கோடு காத்திருந்தான்.

பிறகு அவளுக்குச் சாமான்களை மாட்டிவிட்டான். கல்யாணமான புதிதில் அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தபோது மாட்டிவிட்டது போலவே, ஒவ்வொரு பக்கிளாக, இழுத்துப் பார்த்து, "இறுக்குதா, போதுமா" என்று கேட்டுக் கேட்டு. இருநூறு பார் முழு டேங்க். ஜாக்கெட்டில் காற்று அடைக்கும் குழாயை மட்டும் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான். பெல்ட்டை எடுத்தான். அதில் ஆறு கிலோ ஈயம் இருந்தது. அதை அவள் இடுப்பில் திருப்பிக் கட்டி, முடிச்சை முதுகுப் பக்கம், டேங்க்குக்கு அடியில், அவள் கை எட்டாத இடத்தில் போட்டான்.

"வேண்டாங்க. உங்க கால்ல விழறேன்."

"மேல வர நீ அவசரப்படுவ. உன் பழக்கம் அது."

மஞ்சள் ரப்பரைத் தன் சட்டை நுனியால் துடைத்தான். உள்ளே தூசி இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தான். அதில் மெதுவாக ஒரு முத்தம் வைத்தான். அப்புறம் அவள் தோளில் கை வைத்து, பின்பக்கமாகத் தண்ணீருக்குள் சாய்த்தான்.

பச்சை. அப்புறம் பழுப்பு. அப்புறம் கறுப்பு.

கால் சேற்றைத் தொட்டது. முழங்கால். தொடை. எதிரே ஒன்பதாவது சல்லடை. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் போகும் ஓசை.

பின்னால் எதுவும் இல்லை. பாரம் இல்லை. சத்தம் இல்லை. தன் மூச்சு மட்டும்தான். அவளுக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை வந்தது. போய்விட்டது. அண்ணனைப் பார்த்ததும் ஆறிப் போய்விட்டது. கையைப் பின்னால் வளைத்துப் பெல்ட்டின் முடிச்சைத் தேடினாள். விரல் நுனி துணியைத் தொட்டது. இன்னும் ஒரு அங்குலம்.

இடுப்போரமிருந்த மஞ்சள் ரப்பரை யாரோ கொக்கியிலிருந்து எடுத்தார்கள். சின்னதாக ஒரு 'டக்'.

சீறல்.

தோளில் பாரம் வந்து உட்கார்ந்தது.

கயிற்றை இழுத்தாள். நான்கு தரம். மறுபடியும் நான்கு தரம். மேலிருந்து பதில் வந்தது. ஒரே ஒரு இழுப்பு, கனிவாக.

ஒன்று என்றால், அங்கேயே இரு.

நூற்று ஐம்பது. மூச்சை மெதுவாக விடு. மெதுவாக. நூறு. அவள் மெதுவாக விட்டாள். பின்னால் அது வேகமாக இழுத்தது. எண்பது. அறுபது.

முள் அறுபதில் நிற்கும் என்று ஏனோ நினைத்தாள். நிற்கவில்லை.

கயிறு. நான்கு. ஒன்று.

முப்பது. கயிறு. நான்கு. ஒன்று.

பத்து.

அடுத்த மூச்சு பாதியில் நின்றது. ரப்பரைக் கடித்து உறிஞ்சினாள். ஸ்ட்ராவின் அடியில் ஒன்றும் இல்லாதபோது வருவது போல, வெறும் இறுக்கம். முள் பூஜ்யத்தில். ஒரே டேங்க். இரண்டு வாய்க்கும் அதே டேங்க்தான். தீர்ந்தால் இரண்டுக்கும்தான் தீர வேண்டும்.

சீறல். குமிழி.

வலது காதோரம். நிதானமாக.

சீறல். குமிழி.

அவள் மார்பு உள்ளே குழிந்தது. கண்ணின் ஓரங்கள் கறுத்தன. குமிழிகள் அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு மேலே போயின, ஒன்றன்பின் ஒன்றாக, வெளிச்சத்தைப் பார்த்து. மேலே படகில் ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரே வரிசை. போதும் அவனுக்கு.

தோளுக்கு மேலாக ஒரு கை முன்னால் வந்தது. கையுறை இல்லை. தோல் ஊறி வெளுத்து, விரல் நுனிகளில் கழன்று ஆடியது. அது அவள் முகக்கண்ணாடிக்கு நேரே வந்து நின்றது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடித் தொட்டு வட்டமாயின.

தண்ணீருக்குள் கூட வருகிறவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அது. நல்லா இருக்கியா?

வட்டம் கலையவில்லை. பதிலுக்குக் காத்திருந்தது.